இன்மையும் வெறுமையும்

மருத்துவமனைப் பதிவேட்டில் 'மருந்து ஒவ்வாமை' என்னும் கட்டம் காலியாக இருக்கிறது. கேட்டு, ஒன்றுமில்லை என அறிந்து விட்ட காலியிடமா, கேட்கவே மறந்த காலியிடமா? கணினி நிரலில் முன்னதை வெற்றுச் சரத்தால் குறிக்கலாம்; நீளம் 0 ஆயினும் அதுவும் ஒரு மதிப்பே. பின்னதற்கு உரியது 'நல்' எனப்படும் இன்மைக்குறி. மதிப்பே இல்லை என்பது அதன் பொருள்.

இக்குறியின் வரலாறு இரு கிளைகளாக வளர்ந்தது. 1965-இல் அல்கால் டபிள்யூ என்னும் நிரல்மொழியை வடிவமைக்கையில், செய்வதற்கு எளிது என்பதால் டோனி ஹோர் இன்மைச் சுட்டியைச் சேர்த்தார். 2009-இல் லண்டனில் பேசியபோது அதைத் தமது நூறு கோடி டாலர் தவறு என்றார்.

தரவுத்தளத்தில் அது அறியாமையை நேர்மையாகப் பதிவுசெய்யும் முயற்சியாக வந்தது. 1970-இல் உறவுநிலைத் தரவு மாதிரியை முன்வைத்த ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட், 1979-இல் இன்மைக்குறியையும், உண்மை, பொய், தெரியாது என்னும் மும்மதிப்புத் தருக்கத்தையும் விரித்துரைத்தார். இதன்படி, இரண்டு இன்மைகள் சமமா என்றால் 'தெரியாது' என்பதே விடை. 1990-இல் எழுதிய நூலில், 'தெரியவில்லை', 'பொருந்தாது' என்னும் இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் வேண்டும் என்றார்.

ஆரக்கிள் தரவுத்தளமோ எதிர்த்திசையில் சென்றது. அதன் எழுத்துப் புலத்தில் வெற்றுச் சரத்தை இட்டால் அது இன்மையாகவே சேமிக்கப்படும். பிறகு வெற்றுச் சரத்துக்குச் சமமானவற்றைத் தேடினால் ஒரு வரிசையும் கிடைக்காது. நோயாளி சொன்ன 'ஒன்றுமில்லை' என்ற விடையும், யாரும் கேட்காத கேள்வியும் அங்கே ஒன்றாகிவிடுகின்றன.