பஹியாவின் மீன் ஆணமும் மறைந்துபோன மதரஸாக்களும்

 

பிரேசில் நாட்டின் வடகிழக்குக் கடற்கரையில் பஹியா என்னும் மாநிலம் உள்ளது. அதன் தலைநகர் சால்வடோர். அந்நகர மக்கள் தம் இல்லங்களில் விரும்பிச் சமைக்கும் மீன் உணவுக்கு 'மொகேக்கா' என்று பெயர். மீன் துண்டுகளில் எலுமிச்சைச் சாறு, பூண்டு, உப்பு தடவி ஊறவைப்பர். மண்சட்டியில் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் ஆகியவற்றை வட்டமாக அரிந்து பரப்புவர். அவற்றின்மேல் மீனை அடுக்கிக் கொத்துமல்லித் தழை தூவி, தேங்காய்ப்பாலும் செம்பனை எண்ணெயும் ஊற்றி, மூடி வேகவைப்பர். தண்ணீர் தனியே சேர்ப்பதில்லை. மீன் உடையாதிருக்க அகப்பையால் கிளறுவதுமில்லை. சோற்றுடனும், மீன் சாற்றில் மரவள்ளி மாவைக் கிண்டிய கூழுடனும் உண்பர்.

நம் கடலோர ஊர்களின் தேங்காய்ப்பால் மீன் ஆணத்தை உண்டு பழகியோருக்கு இது அயல் உணவாகத் தோன்றாது. வஞ்சிரம் மீனைக் கொண்டு நாமும் இதை இல்லத்தில் சமைக்கலாம். செம்பனை எண்ணெய் மட்டும் எளிதில் கிடைப்பதில்லை. நம் கடைகளில் விற்கும் பாமாயில் அதே வகைப் பனையிலிருந்து வந்ததாயினும், சுத்திகரிப்பில் அதன் செந்நிறமும் மணமும் நீங்கிவிடுகின்றன. எனவே தேங்காய் எண்ணெயே போதும். சுவை சற்று மாறும், அவ்வளவே.

இச்சட்டியில் சேரும் பொருள்கள் மூன்று கண்டங்களைச் சேர்ந்தவை. மரவள்ளியும் மிளகாயும் அம்மண்ணின் பூர்வகுடிகள் பயிரிட்டவை. தென்னையைப் போர்ச்சுகீசியர் 16ஆம் நூற்றாண்டில் அங்கே கொண்டு சென்றனர்; அதன் மூலம் நம் இந்தியப் பெருங்கடற் கரைகளே. நம் சமையலறை மிளகாயோ அமெரிக்கக் கண்டத்திலிருந்து அதே போர்ச்சுகீசியரின் கப்பல்களில் இங்கு வந்தது. 1500ஆம் ஆண்டு ஏப்ரலில் பிரேசில் கரையைத் தொட்ட கப்ராலின் கப்பற்படைதான், அவ்வாண்டு டிசம்பரில் கோழிக்கோட்டு முஸ்லிம் வணிகர்களின் கப்பல்களைத் தாக்கி, அந்நகரின்மீது பீரங்கிக் குண்டுகளைப் பொழிந்தது.

செம்பனை எண்ணெய் மேற்கு ஆப்பிரிக்காவுக்கு உரியது. அதைச் சமைத்து உண்ட மக்கள் பிரேசிலுக்கு விரும்பிச் சென்றவர்கள் அல்லர். அடிமை வணிகம் நடந்த நூற்றாண்டுகளில் ஏறத்தாழ 48 லட்சம் ஆப்பிரிக்கர் சங்கிலியிட்டு அந்நாட்டில் இறக்கப்பட்டனர். அவர்களுள் ஹவுசா, யொருபா இனங்களைச் சேர்ந்த முஸ்லிம்கள் பலர் இருந்தனர். பஹியாவில் அவர்களை 'மாலே' என்று அழைத்தனர். யொருபா மொழியில் முஸ்லிமைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்த பெயர் அது.

கரும்புத் தோட்டங்களிலும் நகரத் தெருக்களிலும் உழைத்துக் களைத்த அம்மக்கள், இரவுகளில் சிறு அறைகளில் கூடினர். பலகையில் அரபு எழுத்துகளை எழுதிப் பழகினர்; குர்ஆன் ஓதினர்; சேர்ந்து உண்டனர். அவர்களின் ஆசிரியர்களுள் முதியவர் ஒருவர் பசிஃபிகு லிகுத்தான். அவரது முஸ்லிம் பெயர் பிலால். மாணவர்கள் பணம் திரட்டி அவரை விடுவிக்க முன்வந்தும் எஜமானர் இசையவில்லை. பின்னர் அந்த எஜமானர் பட்ட கடனுக்காக, ஒரு பொருளைப் போல அம்முதியவர் பறிமுதல் செய்யப்பட்டுச் சிறையில் அடைக்கப்பட்டார்.

1835ஆம் ஆண்டு ஜனவரி 24ஆம் நாள் இரவு. ரமலானின் கடைசிப் பத்து. அடிமைத்தளையை உடைக்க மாலே மக்கள் திட்டமிட்டிருந்த எழுச்சி முன்னதாகவே காட்டிக்கொடுக்கப்பட்டது. எனினும் வெண்ணிற அங்கி அணிந்து தெருவில் இறங்கினர். தம் ஆசிரியரை மீட்கச் சிறையை முற்றுகையிட்டனர், முடியவில்லை. விடிவதற்குள் எழுச்சி அடக்கப்பட்டது. 70க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். நால்வர் சுட்டுக் கொல்லப்பட்டனர். லிகுத்தான் உட்படப் பலருக்குக் கசையடித் தண்டனை விதிக்கப்பட்டது. விடுதலை பெற்றிருந்த ஆப்பிரிக்கர் பலர் நாடு கடத்தப்பட்டனர். அரபு எழுத்துள்ள தாள் ஒன்றை வைத்திருப்பதே குற்றச் சான்றாயிற்று.

முப்பது ஆண்டுகள் கழிந்தபின், 1866இல், உதுமானியக் கப்பலொன்றில் ரியோ டி ஜெனிரோவை அடைந்தார் இமாம் அப்துர் ரஹ்மான் அல்பக்தாதி. தம்மை முஸ்லிம்கள் என்று கூறி மறைவாக வந்து சந்தித்த ஆப்பிரிக்கரைக் கண்டு வியந்தார். ஈமான் அவர்களிடம் இருந்தது. ஆனால் கற்பிப்பார் இன்மையால் வணக்க முறைகளில் பிழைகள் மலிந்திருந்தன. கப்பலை விட்டு அங்கேயே தங்கி, ரியோ, சால்வடோர், ரெசிஃபே நகரங்களில் அவர்களுக்குப் பாடம் நடத்தினார். அவர் திரும்பிய பின்னர், தலைமுறைகள் செல்லச் செல்ல, அச்சமூகம் பெரும்பான்மை மக்களுள் கரைந்து போயிற்று. 1888இல் அடிமைமுறை ஒழிந்தது. ஆயினும் அந்த இரவுப் பாடசாலைகள் மீண்டும் தழைக்கவில்லை.

செம்பனை எண்ணெயின் மணம் மட்டும் இன்றும் சால்வடோரின் தெருக்களில் கமழ்கிறது. தேங்காய்ப்பாலில் சமைக்கும் 'ஹவுசாச் சோறு' அந்த இனத்தின் பெயரையே தாங்கி நிற்கிறது. சுவை நிலைத்தது, ஓதல் மறைந்தது. ஏன்? அடுப்படியில் தாயின் அருகே நிற்கும் பிள்ளை ஆணத்தின் பக்குவத்தைத் தானே அறிந்துகொள்கிறது. அதை எந்த அரசும் தடுக்கவில்லை. எழுத்தும் ஓதலும் அவ்வாறு தாமாக வருவதில்லை. அவற்றுக்கு ஆசிரியர் வேண்டும், இடம் வேண்டும், நாள்தோறும் ஒதுக்கும் நேரமும் வேண்டும். இம்மூன்றையும் அம்மக்களிடமிருந்து வலிந்து பறித்தனர்.

நம்மிடமிருந்து யாரும் பறிக்கவில்லை. ஆயினும் பள்ளித் தேர்வு நெருங்கியதும் முதலில் நிறுத்தப்படுவது மதரஸாப் பாடமாகவே இருப்பதை ஆண்டுதோறும் நாம் காண்கிறோம். பகலெல்லாம் சுமை தூக்கியவர்கள் இரவில் பலகை ஏந்தி அமர்ந்ததை எண்ணும்போது நம் தலை தாழ்கிறது.

அடுத்த முறை இல்லத்தில் மீன் ஆணம் கொதிக்கையில், பிள்ளைகளை அருகமர்த்தி பஹியாவின் பிலாலைப் பற்றிச் சொல்வோம். உண்டு முடித்தபின் அவர்களின் கையில் ஓதும் ஏட்டையும் கொடுப்போம். அம்மக்களின் தியாகத்தை அல்லாஹ் ஏற்றுக்கொள்வானாக; நம் சந்ததியரிடம் கல்வியை நிலைபெறச் செய்வானாக. ஆமீன்.