கடைமடையும் வெள்ளமும்

நான் பிறந்து வளர்ந்த ஊர் கோவில்பத்து. திருஞானசம்பந்தரின் பதிகம் பெற்ற திருத்தெளிச்சேரித் திருக்கோயில் இருப்பது இங்கேதான். காவிரியின் கிளையாகிய அரசலாறு கும்பகோணத்தைக் கடந்து வந்து, எங்கள் காரைக்காலில் கடலோடு கலக்கிறது. ஆற்றுநீர் இறுதியாக வந்து சேரும் நிலத்தை உழவர்கள் கடைமடை என்பர். வறட்சிக் காலத்தில் நீர் கடைசியாக எட்டிப் பார்ப்பது கடைமடையை. வெள்ளக் காலத்தில் எல்லா ஊர் நீரும் வந்து கூடுவதும் கடைமடையில்தான். அதன் வெள்ள வரலாற்றைக் குறித்துச் சில கூற விரும்புகிறேன்.

எங்கள் நாட்டுக்கு வரும் வெள்ளம் இருவகைப்படும். ஆடி, ஆவணியில் குடகு மலையில் பொழியும் தென்மேற்குப் பருவமழை, ஆற்றின் வழியே இறங்கி வருவது ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வடகிழக்குப் பருவமழையும் புயலும் சேர்ந்து, நம் வயல்களின் மேலேயே கொட்டுவது மற்றொன்று. இவ்வேறுபாட்டை மனத்திற் கொண்டால்தான் பின்வரும் வரலாறு விளங்கும்.

முதல்வகை வெள்ளத்துக்குப் பெருஞ்சான்று 1924-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் வந்தது. காவிரியும் கொள்ளிடமும் கரைபுரண்டன. திருச்சி, தஞ்சை மாவட்டங்கள் பேரழிவுக்கு உள்ளாயின. அந்நாளில் காரைக்கால் பிரெஞ்சு ஆட்சியில் இருந்தது. சுற்றிலும் இருந்த தஞ்சை மாவட்டமோ ஆங்கிலேயர் ஆட்சியில் இருந்தது. நிலத்திற்கு எல்லைக்கல் நட்டார்கள். நீருக்கு நட இயலுமா? மறு ஆண்டில் மேட்டூர் அணையின் வேலை தொடங்கி, 1934-இல் நிறைவெய்தியது. ஏறத்தாழ 9,347 கோடி கன அடி நீரைத் தேக்கவல்ல அவ்வணை, மேற்கிலிருந்து வரும் வெள்ளத்தின் வேகத்தைப் பெரிதும் தணித்தது.

ஆயினும் இரண்டாம்வகை வெள்ளத்தை மேட்டூர் என்ன செய்யும்? அணைக்குக் கீழே பெய்யும் மழை அணைக்குள் புகுவதில்லையன்றோ! 2008 நவம்பரில் ‘நிஷா’ புயல் காரைக்காலுக்கு அருகே கரை கடந்தபோது, தஞ்சை மாவட்டத்து ஒரத்தநாட்டில் ஒரே நாளில் 66 சென்டிமீட்டர் மழை பெய்தது. அத்தகைய மழைநீர் யாவும் வடிகால்களின் வழியே கிழக்கு நோக்கி, கடலைத் தேடி வருகிறது. நிலமோ கடல்மட்டத்தைவிடச் சிறிதே உயர்ந்தது. முகத்துவாரத்தில் மணல் மேடிட்டிருந்தாலும், புயலால் கடல் பொங்கியிருந்தாலும் நீர் வடியாது தேங்கும்.

அத்தகைய கார்த்திகை ஒன்றில் எங்கள் வயலருகே நான் நின்றது இன்றும் நினைவிருக்கிறது. கரை எங்கும் உடையவில்லை. ஆனால் நீர் நாட்கணக்கில் நின்றது. தந்தையார் குனிந்து ஒரு சம்பாப் பயிரைத் தொட்டார். அழுகிய தாள் கையோடு வந்தது. ஒன்றும் பேசாமல் அதை நீரிலேயே விட்டார். நடவுக் கூலிக்கு வாங்கிய கடன் நின்றது, பயிர் நிற்கவில்லை. களை பறிக்க வரவேண்டிய கூலியாட்களுக்கு வேலை இல்லை. மீனவர் கடலுக்குச் செல்ல இயலவில்லை. மண்சுவர்க் குடிசைகள் சரிந்தன. உடைப்பெடுத்து வரும் வெள்ளத்தின் ஓசை நாடெங்கும் கேட்கும். தேங்கி நிற்கும் வெள்ளத்துக்கு ஓசை இல்லை.

2007-இல் காவிரி நடுவர் மன்றம் புதுச்சேரிக்கு, காரைக்கால் பாசனத்தின் பொருட்டு, ஆண்டுக்கு 700 கோடி கன அடி நீரை ஒதுக்கியது. 2018-இல் உச்ச நீதிமன்றமும் அவ்வளவை மாற்றவில்லை. பாசன நீருக்குக் கணக்கு எழுதிவிட்டோம். வடிய வேண்டிய நீருக்கும் அத்தகைய கணக்கு வேண்டும். மேலே உள்ள ஊரார் அடைக்கும் வடிகால் கீழே உள்ள ஊராரின் வயலை மூழ்கடிக்கிறது. கீழே உள்ளோர் தூர்க்கும் குளம் அவர்கள் தெருவிலேயே நீரை நிறுத்துகிறது.

மாணவ நண்பர்களே! நாடாண்ட மன்னர்களின் வரிசையை நீங்கள் அறிவீர்கள். உங்கள் ஊர் மழைநீர் எந்த வாய்க்கால் வழியே எந்த ஆற்றை அடைகிறது என்பதையும் ஒரு முறை நடந்து சென்று அறிந்து வாருங்கள். அதுவும் வரலாற்றுப் பாடமே.