பிரசன்னா விட்டது எத்தனை டெஸ்ட்?
பெங்களூருவின் பொறியாளர் ஆட்டக்காரர்கள்: ஒரு மறுவாசிப்பு

சுழற்பந்து வீச்சாளர் எரப்பள்ளி பிரசன்னாவைப் பற்றிய குறுவரலாறு எதை எடுத்தாலும் அதில் ஒரு செய்தி தவறாமல் இருக்கும். 1962இல் மேற்கிந்தியத் தீவுகளிலிருந்து திரும்பியவர் கிரிக்கெட்டை விட்டுவிட்டுப் பொறியியல் பட்டத்தை முடிக்கப் போனார். ஐந்து ஆண்டு கழித்து, 1967இல் மீண்டும் இந்திய அணிக்குள் வந்தார். முதலில் இதை எழுதியவர் யாரென்று தேடிப் பயனில்லை. ஒருவர் எழுதியதை அடுத்தவர் எடுத்தாண்டு, இன்று இது பெயரில்லாத ஒரு குறிப்பாசிரியரின் கூற்றாகவே நிற்கிறது. இக்கட்டுரை மறுப்பது அந்தக் குறிப்பாசிரியரைத்தான். அவர் சொல்லும் ஆண்டுகளில் பிழை இல்லை. அவற்றை அடுக்கிய விதத்தில்தான் ஒரு தியாகக் கதை பிறந்துவிட்டது: ஆட்டமா படிப்பா என்ற இரண்டு வழி முன்னால் இருந்ததாகவும், பெங்களூரு இளைஞர் ஒருவர் படிப்பின் பக்கம் போனதாகவும், அதற்கு ஐந்து ஆண்டு விலை கொடுத்ததாகவும். இந்த நகரம் அந்தக் கதையை விரும்பிக் கேட்கும். விஸ்வேஸ்வரய்யா 1917இல் பொறியியல் கல்லூரி தொடங்கிய ஊர் இது. பிள்ளையின் மட்டையைவிட மதிப்பெண் பட்டியலை முதலில் கேட்கும் பெற்றோர் இங்கே அன்றும் உண்டு, இன்றும் உண்டு.

அந்த ஐந்து ஆண்டுகளை வைத்துக் கதை சொன்னவர்கள், அவற்றில் இந்தியா எத்தனை டெஸ்ட் ஆடியது என்று எண்ணிப் பார்க்கவில்லை.

பிரசன்னா தம் முதல் டெஸ்டை ஆடியது 1962 ஜனவரியில், சென்னையில், இங்கிலாந்துக்கு எதிராக. அந்த ஆட்டத்தை வென்றுதான் இந்தியா முதன்முறையாக இங்கிலாந்திடமிருந்து ஒரு தொடரைக் கைப்பற்றியது. அடுத்து மேற்கிந்தியப் பயணம். கிங்ஸ்டனில் ஒரு டெஸ்ட். தலைவர் நாரி கான்ட்ராக்டர் மண்டையில் அடிபட்டுச் சாகக் கிடந்த பயணம் அது. தொடர் 5–0 என்று போயிற்று. மூன்றாவது டெஸ்ட் 1967 ஜனவரியில், மறுபடி சென்னையில், மேற்கிந்தியத் தீவுகளுக்கு எதிராக.

இடைப்பட்ட காலத்தில் என்ன நடந்தது? 1962 ஏப்ரலில் அந்தப் பயணம் முடிந்த பிறகு 1964 ஜனவரி 10 வரை இந்தியா ஒரு டெஸ்டும் ஆடவில்லை. இருபது மாதத்துக்கும் மேல் வெறும் காலம். 1964 ஜனவரி–பிப்ரவரியில் இங்கிலாந்துடன் 5 டெஸ்ட். அதே ஆண்டு அக்டோபரில் ஆஸ்திரேலியாவுடன் 3. 1965 பிப்ரவரி–மார்ச்சில் நியூசிலாந்துடன் 4. அதன்பின் 1966 டிசம்பர் வரை மீண்டும் வெறுமை. அந்த டிசம்பரில் மும்பையிலும் ஆண்டின் கடைசி நாளில் கொல்கத்தாவிலுமாக 2 டெஸ்ட் தொடங்கின. 1962 மேற்கிந்தியத் தொடரில் அவர் ஆடாத மற்ற ஆட்டங்களைத் தள்ளிவைத்தால், கூட்டுத்தொகை 14. ஒன்றுகூட வெளிநாட்டில் இல்லை. 1962 பயணத்துக்குப் பிறகு இந்தியா அடுத்து வெளிநாடு போனதே 1967இல், இங்கிலாந்துக்கு. அந்த அணியில் பிரசன்னா இருந்தார்.

ஆக, ஐந்து ஆண்டு என்று சொல்லப்படுவது நான்கு கொத்தாக விழுந்த 14 ஆட்டம். குறிப்பாசிரியர் நாட்காட்டியின் வெற்றுப் பக்கங்களையும் சேர்த்தே தியாகக் கணக்கில் எழுதிவிட்டார்.

இந்த 14ஐயும் ஒரே காரணத்தின் தலையில் சுமத்த முடியுமா? இங்கே சான்று மெலிகிறது. அதனாலேயே சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மைசூர் தேசியப் பொறியியல் கல்லூரியில் படிப்பை ‘முடிக்க’ அவர் திரும்பினார் என்கிறார்கள். முடிக்கத் திரும்பினார் என்றால் படிப்பு அதற்கு முன்பே தொடங்கியிருக்க வேண்டும். 1940 மே மாதம் பிறந்தவருக்கு 1962 கோடையில் வயது 22. பாதியில் விட்ட பொறியியல் படிப்பின் மிச்சம் இரண்டு ஆண்டாக இருக்கலாம், மூன்றாகவும் இருக்கலாம்; ஐந்தாக இருக்க வழியில்லை. அப்படியானால் 1964 தொடக்கத்தில் வந்த இங்கிலாந்துத் தொடரின் 5 ஆட்டங்களைப் படிப்பின் கணக்கில் தாராளமாக எழுதலாம். அக்டோபரின் 3 ஆட்டங்கள் இரண்டு பக்கமும் வாதிடக் கூடியவை. 1965இன் 4 ஆட்டங்களை எழுத எனக்குக் கை வரவில்லை. 1966 டிசம்பரின் இரண்டையும் படிப்பின் மேல் போடுவது அபத்தம்.

அந்த ஆட்டங்களில் அவர் ஏன் இல்லை? தேர்வாளர்களின் கையில் வேறு ஆட்கள் இருந்தார்கள் என்பதே எளிய விடை. 1964 சென்னை டெஸ்டில் பாபு நாட்கர்னி தொடர்ந்து 21 ஓவர் ரன் கொடுக்காமல் வீசினார். 32 ஓவரில் கொடுத்தது வெறும் 5 ரன். சலீம் துரானி இருந்தார். அதே தொடரின் மும்பை டெஸ்டில் 18 வயதில் அறிமுகமான பகவத் சந்திரசேகர் பிரசன்னாவின் சொந்த மாநிலத்துக்காரர். 1965இல் எஸ். வெங்கட்ராகவன் வந்தார். இந்த வரிசையில் இன்னொரு சுழற்பந்து வீச்சாளருக்கு இடம் கிடைக்காமல் போவதற்குப் பொறியியல் பட்டம் தேவையே இல்லை. 1967 சென்னையில் பிரசன்னா உள்ளே வந்தபோது வெளியே போனவர் வெங்கட்ராகவன்தான் என்பதையும் குறித்துக்கொள்வோம்.

வெங்கட்ராகவன்தான் குறிப்பாசிரியரின் வாசிப்புக்கு நேர் எதிரே நிற்கும் சாட்சி. அவரும் பொறியாளர், சென்னை கிண்டிப் பொறியியல் கல்லூரிக்காரர். 1965 மார்ச்சில் டெல்லியில் நியூசிலாந்துக்கு எதிராக ஒரே இன்னிங்ஸில் 72 ரன்னுக்கு 8 விக்கெட், ஆட்டம் முழுவதற்கும் 12 விக்கெட் எடுத்தபோது அவருக்கு 20 வயது நிறையவில்லை. அந்த வயதில் யாரும் பொறியியல் பட்டத்தை முடித்திருக்க மாட்டார்கள். சென்னை, கொல்கத்தா, மும்பை, டெல்லி என்று நான்கு நகரங்களில் ஆடிவிட்டுத்தான் அவர் பட்டமும் பெற்றார். படிப்பும் டெஸ்டும் ஒத்துவராதவை என்றால் இவரை எங்கே வைப்பது?

இதற்கு ஒரு மறுப்பு வரும்: வெங்கட் படித்த ஊரிலேயே ஆடினார், பிரசன்னாவோ பெங்களூருவை விட்டு 140 கிலோமீட்டர் தள்ளி மைசூரில் படித்தார். இதில் சாரம் உண்டு. டெஸ்டுக்குப் போய்வர ஒரு மாத விடுப்பு போதும். வாராவாரம் லீக் ஆடிப் பந்தைக் கையில் பழக்கி வைத்திருக்க விடுப்பு உதவாது. கிண்டியிலிருந்து சேப்பாக்கம் நகரப் பேருந்து போகும் தூரம். ஆனால் மைசூரும் கிரிக்கெட் இல்லாத ஊரல்ல. பிற்காலத்தில் ஜவகல் ஸ்ரீநாத் அங்கே எஸ்.ஜே.சி.இ. கல்லூரியில் பொறியியல் படித்துக்கொண்டே வேகப்பந்து வீசி வளர்ந்தார். தூரம் ஒரு காரணமாக இருக்கலாம். அதை முழுக் காரணமாக நான் ஏற்கவில்லை.

இதே இடைவெளி கால் நூற்றாண்டு கழித்து இன்னொரு பெங்களூருக்காரர் வாழ்விலும் வந்தது. அனில் கும்ப்ளே 1990 ஆகஸ்டில் மான்செஸ்டரில் 19 வயதில் முதல் டெஸ்ட் ஆடினார். இரண்டாவது டெஸ்ட் 1992 அக்டோபரில், ஹராரேயில். இடையில் இந்தியா ஆடியது 7 டெஸ்ட்: ஓவலில் ஒன்று, சண்டிகரில் இலங்கையுடன் ஒன்று, ஆஸ்திரேலியாவில் ஐந்து. அந்த இரண்டாண்டில்தான் ஆர்.வி. கல்லூரியில் மெக்கானிகல் பட்டத்தை அவர் முடித்தார். ஆனால் கும்ப்ளே படிப்புக்காக ஆட்டத்தைத் துறந்தார் என்று யாரும் எழுதுவதில்லை. அணியில் இடம் கிடைக்கவில்லை, 1992 இரானிக் கோப்பையில் டெல்லிக்கு எதிராக 13 விக்கெட் எடுத்துத் திரும்பி வந்தார் என்றே எழுதுகிறார்கள். இதுவே சரியான வாசிப்பு. சுழற்பந்து வீச்சாளருக்கான இடத்தில் வெங்கடபதி ராஜு வீசிக்கொண்டிருந்த காலம் அது. ஒரே நகரம், ஒரே வகைப் பட்டம், ஒரே வகை இடைவெளி. ஒருவருக்குத் தியாகம், மற்றவருக்குத் தேர்வுக்குழு. 1990களில் ஆட்டக்காரனைப் பற்றி நாளேடுகள் அன்றாடம் எழுதின. அதனால் அணியிலிருந்து விடப்பட்டது விடப்பட்டதாகவே பதிவாயிற்று. 1960களில் அந்த அளவு எழுத்து இல்லாத இடத்தைப் பட்டம் வந்து நிரப்பிக்கொண்டது. இது என் ஊகம்தான், ஆனால் விலக்க முடியாத ஊகம்.

‘இரண்டு வழி’ என்ற படிமம் எங்கே உண்மையாகப் பொருந்தும் என்று பார்க்க அதே ஆண்டுகளின் அமெரிக்காவுக்குப் போகலாம். 1961இல் மிசௌரி மாநிலத்துக் கூடைப்பந்து வீரர் பில் பிராட்லியைப் பெரிய கூடைப்பந்துக் கல்லூரிகள் துரத்தின. டியூக் பல்கலைக்கழகம் உதவித்தொகையோடு காத்திருந்தது. அவர் போனது பிரின்ஸ்டனுக்கு. ஐவி லீக் கல்லூரிகள் விளையாட்டுக்காக உதவித்தொகை தருவதில்லை என்று 1954இலேயே உடன்பட்டவை. வங்கியாளரான தந்தைக்கு அந்தச் செலவு தாங்கும். 1965இல் தேசியப் போட்டியின் மூன்றாமிட ஆட்டத்தில் 58 புள்ளி குவித்தார். நியூயார்க் நிக்ஸ் அணி தேர்ந்தெடுத்தும் போகாமல் ரோட்ஸ் உதவித்தொகையில் ஆக்ஸ்ஃபோர்டு சென்றார்; 1967 டிசம்பரில்தான் நிக்ஸில் சேர்ந்தார். பிரசன்னா திரும்பி வந்ததும் அதே 1967. பிராட்லியின் ஆக்ஸ்ஃபோர்டு காலமும் முழுத் துறவல்ல. அங்கிருந்தபடியே மிலான் அணிக்கு ஆடி 1966இல் ஐரோப்பியக் கோப்பையை வென்றார்.

பிராட்லியின் முன் இரண்டு அழைப்புகள் இருந்தன. ஒன்றில் பணமும் இருந்தது. பிரசன்னாவின் முன் ஆட்டத்தின் பெயரால் கல்லூரி அழைப்போ வாழ்வதற்கான சம்பளமோ இருக்கவில்லை. பெங்களூருவில் அன்று டெஸ்ட் மைதானமே கிடையாது. இங்கே முதல் டெஸ்ட் நடந்ததே 1974 நவம்பரில்தான். தட்டில் ஒன்றே இருந்தபோது அவர் எதைத் தேர்ந்தார் என்று கேட்பதில் பொருளில்லை. பட்டம் அவருக்குப் பிழைப்பு, கிரிக்கெட் அந்தப் பிழைப்பின் மேல் நிற்கும் ஆசை. இடைவெளி அவர் பந்தைக் கெடுக்கவும் இல்லை: 1967–68 ஆஸ்திரேலிய, நியூசிலாந்துப் பயணத்தில் 8 டெஸ்டில் 49 விக்கெட் எடுத்தார், இந்தியா வெளிநாட்டில் முதல் தொடரை வென்றது. 20 டெஸ்டில் 100 விக்கெட் என்ற அவருடைய இந்தியச் சாதனையை 2013இல் 18 டெஸ்டில் முறியடித்தவர் ஆர். அஸ்வின், எஸ்.எஸ்.என். கல்லூரியில் பி.டெக். படித்தவர். தற்செயல்தான், ஆனால் சொல்லாமல் விட மனம் வரவில்லை.

உண்மையான தேர்வு பெங்களூருவுக்கு வந்தது 2000களில்தான். ஆட்டக்காரர்களைத் தேடிச் சேர்க்கும் கல்லூரி என்று இங்கே ஒன்று உருவாயிற்று: இன்றைய ஜெயின் பல்கலைக்கழகம். ராபின் உத்தப்பா, மயங்க் அகர்வால், கே.எல். ராகுல், கருண் நாயர், பில்லியர்ட்ஸின் பங்கஜ் அத்வானி எல்லோரும் அந்த வளாகத்துப் பிள்ளைகள். 2022இல் கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகளை நடத்தியதும் அதில் முதலிடம் பிடித்ததும் அதே நிறுவனம். ராகுல் திராவிட் இரண்டு காலத்துக்கும் நடுவில் நிற்கிறார்: செயின்ட் ஜோசப்பில் வணிகவியல் முடித்து, மேலாண்மைப் படிப்பில் இருந்தபோது இந்திய அணிக்குப் போனார். திராவிடுக்குப் பின் கர்நாடகத்தின் பெரிய பெயர்களில் பொறியாளரைக் காண்பது அரிது. தேர்வு வந்ததும் பொறியியல் தோற்றது.

கூடைப்பந்தில் மட்டும் கடிகாரம் இன்னும் 1962ஐக் காட்டுகிறது. கண்டீரவா உள்ளரங்கில் 2017இல் இந்தியப் பெண்கள் கஜகஸ்தானை 75–73 என்று வீழ்த்தி ஆசியக் கோப்பையின் மேல்பிரிவுக்கு ஏறினார்கள். 2019இல் அந்த மேல்பிரிவுப் போட்டியும் பெங்களூருவில்தான் நடந்தது. ஆனால் அந்த அரங்கில் ஆடும் பெண்ணுக்கு ஆட்டத்தால் சம்பளம் என்றால் ரயில்வே வேலை, இல்லையென்றால் கடல் கடந்த உதவித்தொகை. பெங்களூருவின் சஞ்சனா ரமேஷ் அரிசோனாவில் நார்தர்ன் அரிசோனா பல்கலைக்கழகத்துக்கு ஆடப் போனது அந்த இரண்டாவது வழியில். பிராட்லிக்கு ஆட்டத்தின் பெயரால் வந்த உதவித்தொகை வேண்டாம் என்று சொல்லும் வசதி இருந்தது. இவர்களுக்கு அதுவே வாசல்.

பொறியியல் கல்லூரிகளும் ஆட்டத்துக்கு வாசல் திறக்கின்றன. தமிழ்நாட்டில் பொறியியல் கலந்தாய்வு விளையாட்டு வீரர்களுக்கு 500 இடங்களை ஒதுக்குகிறது. சென்னை ஐ.ஐ.டி. 2024–25 முதல் ஒவ்வொரு இளநிலைப் படிப்பிலும் விளையாட்டுக்கென இரண்டு இடங்களைக் கூடுதலாக உருவாக்கியது. அவற்றில் ஒன்று பெண்களுக்கு. ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தரவரிசையும் வேண்டும், அதோடு கடந்த நான்கு ஆண்டுக்குள் தேசிய அல்லது சர்வதேச அளவில் ஒரு பதக்கமும் வேண்டும். பிராட்லி மாதிரியான தேர்வை விதியாக எழுதிய ஏற்பாடு இது என்று கொள்ளலாம். ஆனால் விதி எண்ணுவது கல்லூரிக்குள் வருவதற்கு முந்தைய நான்கு ஆண்டுகளை. பிரசன்னாவின் இடைவெளியும் கும்ப்ளேயின் இடைவெளியும் விழுந்தது உள்ளே வந்த பிறகு.