நிழல் தரும் சாலைகள்: இப்னு பதூதா கண்ட இந்துஸ்தான்

பள்ளி விடுமுறை தொடங்கிவிட்டால் நம் குடும்பங்களில் பயணப் பேச்சும் தொடங்கிவிடுகிறது. ஒரு வேனை அமர்த்திக்கொண்டு மலைகளையும் அருவிகளையும் கடற்கரைகளையும் கண்டு வருகிறோம். இதில் குறைகாண ஏதுமில்லை. பூமியில் பயணம் செய்து, நமக்கு முன் வாழ்ந்தோரின் முடிவைக் கவனிக்குமாறு திருக்குர்ஆன் பல இடங்களில் ஏவுகிறது. பயணிக்கு நான்கு ரக்அத் தொழுகையை இரண்டாகச் சுருக்கிக்கொள்ளும் சலுகையை மார்க்கம் தந்துள்ளது. ஸகாத் பெறத் தகுதியுடைய எட்டு வகையினருள் வழிப்போக்கனையும் அத்தவ்பா அத்தியாயம் சேர்த்துக் கூறுகிறது. இவ்வளவு மதிப்பளிக்கப்பட்ட பயணத்திலிருந்து நாம் எதைக் கொண்டு திரும்புகிறோம் என்பதே கேள்வி.

இக்கேள்விக்கு விடை தேட, ஏறத்தாழ 700 ஆண்டுகளுக்கு முன் இந்த நாட்டின் சாலைகளில் நடந்த ஒருவரைத் துணைக்கு அழைப்போம். மொராக்கோவின் தன்ஜா நகரில் 1304ஆம் ஆண்டு பிறந்த இப்னு பதூதா, 1325ஆம் ஆண்டு 21 வயதில் ஹஜ்ஜை நாடித் தனியாக வீட்டை விட்டுப் புறப்பட்டார். மக்காவோடு அவர் பயணம் நிற்கவில்லை. ஹிஜ்ரி 734 முஹர்ரம் முதல் நாள், அதாவது 1333 செப்டம்பரில், சிந்து நதிக்கரையை வந்தடைந்தார். பல்லாண்டுகள் கழித்துத் தாயகம் திரும்பியபின், மொராக்கோ சுல்தானின் ஆணைப்படி அவர் சொல்லச்சொல்ல இப்னு ஜுஸய் என்ற அறிஞர் எழுதி 1355இல் முடித்த நூலே ‘ரிஹ்லா’. நினைவிலிருந்து சொல்லப்பட்ட நூல் ஆதலால் சில இடங்களில் வரலாற்றாசிரியர்கள் ஐயம் எழுப்புவதுண்டு. ஆயினும் அக்காலச் சாலைகளைப் பற்றி இதற்கு நிகரான விவரங்களைத் தரும் நூல்கள் மிகச் சிலவே.

சிந்துக்கரையில் அவரை முதலில் வியக்க வைத்தது அஞ்சல் ஏற்பாடு. குதிரை அஞ்சல் ஒன்று, காலாள் அஞ்சல் ஒன்று என இருவகை இருந்தன. காலாள் அஞ்சலுக்கு ஒவ்வொரு மைலிலும் மூன்று நிலைகள். செம்பு மணிகள் கட்டிய கோலை ஒரு கையிலும் கடிதத்தை மறு கையிலும் ஏந்தி அஞ்சலன் ஓடுவான். மணியோசை கேட்டதும் அடுத்த நிலையில் உள்ளவன் ஆயத்தமாகிக் கடிதத்தை வாங்கிக்கொண்டு ஓடுவான். பயணிகள் ஐம்பது நாளில் கடக்கும் தொலைவை அரசாங்கச் செய்தி ஐந்தே நாளில் கடந்து தில்லியை எட்டியது என்கிறார் அவர்.

தில்லியிலிருந்து தக்காணத்துத் தௌலதாபாத் செல்லும் சாலை நாற்பது நாள் வழி. அதன் இருமருங்கிலும் மரங்கள் அடர்ந்திருந்ததால் தோட்டத்துக்குள் நடப்பது போலிருந்தது என்று அவர் வர்ணிக்கிறார். இன்று நாம் ஒளிப்படம் எடுத்துப் பகிரக்கூடிய சாலைதான் அது. ஆனால் அவர் அத்தோடு நிறுத்தவில்லை. தாம் வருவதற்குச் சில ஆண்டுகளுக்கு முன், சுல்தான் முஹம்மது பின் துக்ளக் தில்லி மக்களைத் தௌலதாபாத்துக்குக் குடிபெயருமாறு கட்டாயப்படுத்தியதையும் அவர் பதிவு செய்கிறார். பார்வையற்ற ஒருவரை அந்த வழி நெடுக இழுத்துச் செல்லுமாறு ஆணையிடப்பட்டதாகவும், அவருடைய கால் ஒன்றே தௌலதாபாத் வந்து சேர்ந்ததாகவும் தாம் கேள்விப்பட்டதை எழுதுகிறார். இது மிகைப்படுத்தப்பட்ட செய்தி என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. ஆனால் அப்படியொரு கதையைச் சொல்லும் அளவுக்கு மக்கள் உள்ளத்தில் வலி தங்கியிருந்தது. நிழல் மரங்கள் நிறைந்த சாலையே ஒரு மக்கள் கூட்டத்தின் கண்ணீர்ச் சாலையாகவும் இருந்திருக்கிறது.

அதே சுல்தான்தான் இப்னு பதூதாவைத் தில்லியில் காஜியாக நியமித்து, ஆண்டுக்கு 12,000 தீனார் ஊதியமும் அளித்தார். பின்னர், சுல்தானின் சினத்துக்கு ஆளான ஒரு ஷைகைச் சந்தித்த காரணத்துக்காக அவர் காவலில் வைக்கப்பட்டார். அந்நாட்களில் நோன்பு நோற்று, ‘ஹஸ்புனல்லாஹு வ நிஃமல் வகீல்’ என்று ஒரே நாளில் 33,000 முறை ஓதியதாக அவரே கூறுகிறார். ஷைகு கொல்லப்பட்டார், இவர் தப்பினார். அதன்பின் பதவியைத் துறந்து, தம் உடைமைகளை ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, துறவு மேற்கொண்ட ஒரு பெரியவரிடம் சில மாதங்கள் தங்கினார்.

சீனப் பேரரசருக்கான தூதராக அவரைச் சுல்தான் மீண்டும் அழைத்தார். 1342இல் பெரும் பரிசுப் பொருட்களுடன் தில்லியை விட்டுப் புறப்பட்டார். இன்று அலிகர் எனப்படும் கோல் அருகே நடந்த சண்டையில் தம் கூட்டத்தைப் பிரிந்து பிடிபட்டார். பிடித்தவர்களுள் ஒருவர் இரங்கி விடுவித்தார். பல நாள் பசியோடும் தாகத்தோடும் அலைந்து வீழும் நிலையில் இருந்தபோது, கையில் குவளையும் கோலும் ஏந்திய கருநிற மனிதர் ஒருவர் ஸலாம் உரைத்துத் தண்ணீரும் உணவும் தந்து, அவரைத் தம் தோளில் சுமந்து ஊர் சேர்த்தார். சுல்தானின் தூதரை அன்று காப்பாற்றியவர் பதவியோ படையோ இல்லாத வழிப்போக்கர்.

குவாலியர், சந்தேரி, உஜ்ஜயினி, தௌலதாபாத் வழியாகக் கம்பாத் துறைமுகத்தை அடைந்து, மேற்குக் கரையோரமாகத் தெற்கே வந்தார். வழியில் ஹொன்னாவரில் அவர் கண்டதை ஒரு மத்ரஸா ஆசிரியர் படித்தால் உள்ளம் நெகிழாமல் இருக்காது. அவ்வூரில் ஆண் பிள்ளைகளுக்கு 23 பள்ளிகளும் பெண் பிள்ளைகளுக்கு 13 பள்ளிகளும் இருந்தன. அவ்வூர்ப் பெண்கள் குர்ஆனை மனனம் செய்திருந்தார்கள். இதுபோல் வேறெங்கும் கண்டதில்லை என்கிறார், பாதி உலகைச் சுற்றிய அந்த மனிதர். பெண் பிள்ளைகளின் கல்வி நமக்குப் புதிதாக வந்ததென்று எண்ணுவோர் இதைக் கவனிக்க வேண்டும்.

அதற்கும் தெற்கே மலபார். கோவா முதல் கொல்லம் வரை இரண்டு மாத நடைவழி. வழி நெடுக மரநிழல். அரை மைலுக்கு ஒரு மரக்கூடம், அதில் அமரத் திண்ணைகள், அருகே ஒரு கிணறு, தண்ணீர் வார்க்க ஓர் ஆள். அந்தத் திண்ணைகளில் முஸ்லிம்களும் முஸ்லிம் அல்லாதவர்களும் அமர்ந்தார்கள். அக்கால வழக்கப்படி முஸ்லிமுக்குப் பாத்திரத்தில் தண்ணீர் தரமாட்டார்கள். ஏந்திய கையில் ஊற்றுவார்கள். வேறுபாடு பார்த்த வழக்கம் அது என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆயினும் தாகத்தோடு வந்த எவரும் வெறுங்கையோடு அனுப்பப்படவில்லை. தங்குமிடங்களில் முஸ்லிம் குடும்பங்கள் வந்தோரை ஏற்றுச் சமைத்துப் பரிமாறின. இவ்வழியைவிடப் பாதுகாப்பான வழியைத் தாம் கண்டதில்லை என்கிறார் இப்னு பதூதா. அரசர் முஸ்லிம் அல்லர். ஆயினும் முஸ்லிம் பயணி அச்சமின்றி நடந்தார்.

கோழிக்கோட்டில் கப்பல் ஏறவிருந்த நாள் வெள்ளிக்கிழமை. ஜும்ஆவுக்காக அவர் கரையில் தங்கினார். அன்றிரவு எழுந்த புயலில் சீனத்துக்கான பரிசுகளைச் சுமந்த பெரிய கப்பல் நொறுங்கியது. அவருடைய பொருட்களை ஏற்றியிருந்த மற்றொரு கப்பல் அவரை விட்டுச் சென்றுவிட்டது. எஞ்சியவை பத்துத் தீனாரும் படுத்திருந்த விரிப்பும் மட்டுமே. ஜும்ஆ அவருடைய உயிரைக் காத்தது என்பார் சிலர். எல்லாம் அல்லாஹ்வின் நாட்டம் என்போம் நாம்.

மாலத்தீவு, இலங்கை வழியாக 1344 வாக்கில் அவர் நம் தமிழ் மண்ணை அடைந்தார். மதுரையை அப்போது ஆண்டவர் சுல்தான் கியாதுத்தீன் தாம்கானி. இப்னு பதூதாவின் மனைவியருள் ஒருவர் சுல்தானின் மனைவிக்குச் சகோதரி. உறவினர், விருந்தளித்தவர், தம் மார்க்கத்தவர் என மூன்று காரணங்கள் இருந்தும் அவர் உண்மையை மறைக்கவில்லை. பிடிபட்ட எளிய மக்களையும் அவர்களுடைய மனைவி மக்களையும் சுல்தான் கொடூரமாகக் கொன்றதைக் கண்ணால் கண்டு, வேறெந்த மன்னரிடமும் தாம் கண்டிராத இழிசெயல் இது என்றும், இதனாலேயே அல்லாஹ் அவருடைய முடிவை விரைவுபடுத்தினான் என்றும் எழுதச் செய்தார்.

இவ்விடத்தில் நாம் சற்று நிற்க வேண்டும். முஸ்லிம் மன்னர்களின் பெயரைக் கேட்டதும் பெருமை கொள்வது நம்மில் சிலரின் வழக்கம். அவர்களின் குறைகளைச் சொன்னால் சமுதாயத்துக்கே இழுக்கு என்று அஞ்சுவதும் உண்டு. காஜியாக இருந்த இப்னு பதூதா அப்படி அஞ்சவில்லை. அநீதியை அநீதி என்று சொல்வதால் தீன் குறைவதில்லை. மறைப்பதால்தான் நம் பிள்ளைகள், தீனையும் மன்னர்களின் செயலையும் ஒன்றெனக் குழப்பிக்கொள்கிறார்கள்.

நல்லதைச் சொல்லவும் தயங்க வேண்டியதில்லை. இரு நூற்றாண்டுகளுக்குப் பின், 1540 முதல் 1545 வரை மட்டுமே ஆண்ட ஷேர்ஷா சூரி, வங்காளத்தின் சோனார்கானிலிருந்து சிந்து வரையிலான பெருவழியைச் சீரமைத்தார். இரு மருங்கிலும் மரங்கள் நட்டார். வழி நெடுகச் சராய்கள் அமைத்தார். மொத்தம் 1,700 சராய்கள் என அப்பாஸ் சர்வானி எழுதுகிறார். இந்துக்களுக்கும் முஸ்லிம்களுக்கும் தனித்தனித் தங்குமிடங்களும், இருவருக்கும் தண்ணீர் வசதியும் அவற்றில் இருந்தன. அவர் நடத்திய போர்களின் பெயர்கள் பலருக்கு நினைவில்லை. அந்தச் சாலை இன்றும் மக்களைச் சுமக்கிறது.

பாதையில் கிடக்கும் இடையூறை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) அவர்கள் கற்றுத்தந்தார்கள். அப்படியிருக்க, நாம் உண்ட இலையையும் நெகிழிக் குப்பியையும் சாலையோரம் வீசி வருவது எப்படித் தகும்? அடுத்த முறை பிள்ளைகளோடு புறப்படும்போது, வழியில் கண்ட மரத்தை நட்டவர் யார், குடித்த தண்ணீரைத் தந்தவர் யார், அச்சமின்றி நம்மை உறங்கவிட்ட ஊர் எது என்று அவர்களைக் கேட்போம். வீடு திரும்பியதும் நம் வாசலில் ஒரு தண்ணீர்ப் பானை வைப்போம். எவர் வந்தாலும் குவளையிலேயே கொடுப்போம்.

நம் பயணங்களைப் படிப்பினையுள்ளவையாகவும், பிற பயணிகளுக்கு நிழல் தருபவர்களாக நம்மையும் அல்லாஹ் ஆக்கியருள்வானாக. ஆமீன்.