களத்து மேடும் தொழிற்சாலையும்

‘உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குக்கூட மிஞ்சாது’ என்பது நம் நாட்டுப் பழமொழி. விளைச்சல் குறைந்துவிட்டது என்று இப்பழமொழி புலம்பவில்லை. கணக்கு முடிந்த பிறகு உழுதவன் கையில் நின்றது எவ்வளவு என்று கேட்கிறது. அந்தக் கேள்வியையே இன்று ஆலைகளையும் இயந்திரங்களையும் நோக்கி நாம் கேட்க விரும்புகிறோம். இயந்திரத்தின் துணையால் ஒரு மனிதன் முன்னைவிடப் பன்மடங்கு பொருள் செய்கிறான். அவ்வாறு பெருகிய பயன் யாரைச் சென்று சேர்கிறது? சென்னைக்கு வடக்கிலும் மேற்கிலும் பரந்து கிடக்கும் திருவள்ளூர், பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பகுதிகளின் வரலாறு இவ்வினாவுக்குத் தெளிவான விடைகள் சிலவற்றைத் தருகிறது.

முதலில் களத்து மேட்டைக் காண்போம். 1763ஆம் ஆண்டில் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனியார் செங்கற்பட்டு ஜாகீரைப் பெற்றனர். பொன்னேரியும் திருப்பாச்சூரும் அந்த ஜாகீரைச் சேர்ந்தவை. 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் அங்குள்ள ஏறத்தாழ இரண்டாயிரம் ஊர்களை அளந்து கணக்கெடுத்தார். அக்கணக்குகளிலிருந்து அக்காலப் பங்கீட்டு முறையை நாம் அறிகிறோம். நெல் களத்தில் குவிந்ததும் அரசனுக்குரிய மேல்வாரமும் பயிரிட்டவனுக்குரிய குடிவாரமும் பிரிக்கப்படுவதற்கு முன்னரே, தச்சன், கொல்லன், குயவன், வண்ணான், கணக்கன், காவல்காரன், ஏரி மதகைப் பார்ப்பவன், கோவில் என ஒவ்வொருவர்க்கும் உரிய பங்கு அளந்து தரப்பட்டது. குவியல் பெருகினால் பங்கும் பெருகும். குறைந்தால் அதுவும் குறையும். பங்கு இன்னதென்பது ஊரறிந்த செய்தியாக இருந்தது.

இதனைக் கேட்டதும், பண்டை நாளில் நீதி தழைத்திருந்தது என்று முடிவு செய்துவிடுதல் தவறு. அக்களத்தில் நாற்று நட்டும் கதிர் அறுத்தும் மிகுதியாக உழைத்தவர், தாழ்த்தப்பட்ட சாதிகளைச் சேர்ந்த பண்ணையாட்களே ஆவர். அவர்கள் பெற்றது மிகச் சிறு பங்கு. அதற்கு மேல் கேட்கும் உரிமை அவர்களுக்கு இல்லை. செங்கற்பட்டுக் கலெக்டராக இருந்த டிரமென்கீர் 1891இல் எழுதிய அறிக்கை, நிலமும் குடியிருக்க மனையும் இன்றி அம்மக்கள் பட்ட துன்பத்தை அரசினர் முன் வைத்தது. 1892இல் அவர்களுக்கு நிலம் ஒதுக்கும் ஆணை பிறந்ததற்கு அவ்வறிக்கையே தூண்டுகோலாயிற்று. குவியலின் அளவைப் பொறுத்து மட்டும் பங்கு அமைவதில்லை. அளக்கும் வேளையில் களத்தில் நின்று பேசும் உரிமை யாருக்கு இருக்கிறது என்பதைப் பொறுத்தும் அமைகிறது. இந்த உண்மையை நினைவிற் கொண்டு மேலே செல்வோம்.

கும்மிடிப்பூண்டிக்குக் கிழக்கே, ஏரிபோல் விரிந்த உப்புநீர்ப் பரப்பின் கரையில் பழவேற்காடு உள்ளது. டச்சுக்காரர் பதினேழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கு வந்து 1613இல் ஜெல்டிரியா கோட்டையைக் கட்டினர். சுற்றுப்புறத்து நெசவாளர் நெய்த வண்ணத் துணிகள் அங்கிருந்து கடல் கடந்து சென்றன. கீழ்க்கடல் தீவுகளில் மிளகுக்கும் கிராம்புக்கும் மாற்றாக அவை விலை போயின. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தில் நூற்கும் பொறிகள் தோன்றியதும் இந்நிலை மாறியது. 100 பவுண்டு பஞ்சைக் கையால் நூலாக்க நம் நாட்டுப் பெண்டிர்க்கு ஏறத்தாழ 50,000 மணி நேர உழைப்பு வேண்டியிருந்தது என்றும், 1795 அளவில் ஆற்றலால் இயங்கிய ‘மியூல்’ என்னும் பொறி அதே வேலையை ஏறத்தாழ 300 மணி நேரத்தில் முடித்தது என்றும் பொருளாதார வரலாற்றாசிரியர் கணக்கிட்டுள்ளனர். அறிவின் ஆற்றல் எத்தகையது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுவதில்லை. ஆயினும் அதன் பயன் எங்கே சென்றது? உலகெங்கும் துணி மலிந்தது. ஆலை முதலாளிகள் செல்வராயினர். நம் நாட்டு நூற்பவரும் நெசவாளரும் வாழ்விழந்தனர். இங்கிலாந்தின் கைத்தறியாளரும் அவர்களோடு வறுமையுற்றனர். 1825இல் டச்சுக்காரர் பழவேற்காட்டை ஆங்கிலேயரிடம் ஒப்படைத்துச் சென்றபோது அதன் பழைய வாணிபச் சிறப்பு மங்கியிருந்தது.

பின்னர் அதே இயந்திரம் நம் வாயிலுக்கும் வந்தது. பெரம்பூரில் பின்னி நிறுவனத்தாரின் பக்கிங்ஹாம் ஆலையும் கர்நாடிக் ஆலையும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்தன. விடியுமுன் வீட்டை விட்டுப் புறப்பட்டு இருட்டிய பின் திரும்பும் வாழ்வு தொழிலாளர்க்கு வாய்த்தது. நண்பகல் உணவுக்குப் போதிய இடைவேளை இல்லை என்ற குறையே பேரியக்கம் ஒன்றுக்கு வித்தாயிற்று. தொழிலாளரின் குறைகளைக் கேட்ட செல்வபதி செட்டியாரும் இராமானுஜலு நாயுடுவும் முன்முயற்சி எடுக்க, 1918 ஏப்ரல் 27ஆம் நாள் சென்னைத் தொழிலாளர் சங்கம் பிறந்தது. பி. பி. வாடியா அதன் தலைவரானார், திரு. வி. க. துணை நின்றார். இந்தியாவில் முறையாக அமைந்த முதல் தொழிற்சங்கம் இதுவே என்பர்.

1920இல் ஆலையார் வழக்குத் தொடுத்து, சங்கத் தலைவர்களுக்கு எதிராக உயர்நீதிமன்றத்தின் தடையாணை பெற்றனர். தொழிலாளர் ஒன்றுகூடிக் கூலி பேசுவதற்குச் சட்டத்தின் காப்பு இல்லை என்பது அப்போது வெளிப்பட்டது. என். எம். ஜோஷி முதலியோர் முயன்றதன் பயனாக 1926இல் தொழிற்சங்கச் சட்டம் இயற்றப்பட்டது. இதற்கிடையில், 1921ஆம் ஆண்டுப் பெரிய வேலைநிறுத்தம் தோல்வியில் முடிந்திருந்தது. சாதி இந்துத் தொழிலாளரும் ஆதிதிராவிடத் தொழிலாளரும் இருவேறு பக்கம் நின்றனர், புளியந்தோப்பில் கலவரம் மூண்டது, உயிர்கள் பலியாயின. களத்து மேட்டில் இருந்த பிரிவினை ஆலை வாயிலுக்கும் வந்துவிட்டது. பிரிந்து நின்றவர்கள் பங்கு கேட்கும் வலிமையை இழந்தார்கள்.

இயந்திரத்தின் பயன் எந்தெந்த வழிகளில் பிரியக்கூடும் என்பதை இங்கே சற்று எண்ணிப் பார்ப்போம். பொருளின் விலை குறையலாம். அப்போது வாங்குவோர் பயன் அடைகின்றனர். கூலி உயரலாம், அல்லது வேலை நேரம் குறையலாம். அப்போது தொழிலாளி பயன் அடைகிறான். இலாபம் உயரலாம்; வரியாக அரசுக்கும் ஒரு பகுதி செல்லலாம். அமெரிக்காவில் ஹென்றி போர்டு 1913இல் நகரும் தொகுப்பு வரிசையை அமைத்தார். பன்னிரண்டரை மணி நேரம் பிடித்த மோட்டார் வண்டி அடிச்சட்ட வேலை சிறிது காலத்திலேயே ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. வண்டியின் விலையும் ஆண்டுதோறும் இறங்கியது. ஆனால் அந்த ஓயாத வேகத்தைத் தாங்காமல் தொழிலாளர் கூட்டங் கூட்டமாக வேலையை விட்டு நீங்கினர். 1914இல் அவர் நாட்கூலியை 5 டாலராக உயர்த்தி, வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாகக் குறைத்ததற்கு இதுவும் ஒரு முக்கிய காரணமாகும். தொழிலாளி விலகிச் செல்ல முடிந்தபோது அவன் பங்கு உயர்ந்தது என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

நம் நாட்டில் வேலை நேரத்தின் கதையும் இதையே கூறுகிறது. 1922இல் வாரத்துக்கு 60 மணியாக இருந்த சட்ட வரம்பு, 1934இல் 54 ஆகவும், 1946இல் 48 ஆகவும் குறைந்தது; 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் அதை நிலைநிறுத்தியது. சிங்காரவேலர் 1923 மே முதல் நாளைச் சென்னைக் கடற்கரையில் தொழிலாளர் நாளாகக் கொண்டாடினார். இந்தியாவில் அதுவே முதல் மே நாள் விழா. சரியாக நூறாண்டுகளுக்குப் பின், 2023 ஏப்ரலில், நாளொன்றுக்கு 12 மணி நேரம் வரை வேலைக்கு இடமளிக்கும் சட்ட முன்வடிவு தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு எழுந்தது, அவ்வாண்டு மே முதல் நாளன்றே அது திரும்பப் பெறப்படும் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒருமுறை கிடைத்த பங்கு என்றென்றும் நிலைக்கும் என்று எவரும் எண்ணியிருத்தல் ஆகாது என்பதற்கு இந்நிகழ்ச்சி சான்று.

விடுதலைக்குப் பின் நம் பகுதியின் தோற்றமே மாறியது. 1955 ஜனவரியில் ஆவடியில் கூடிய காங்கிரஸ் மாநாடு, சமதர்ம முறையைத் தழுவிய சமுதாயமே நோக்கம் என்று தீர்மானித்தது. அதே ஆவடியில் எழுந்த கனரக ஊர்தித் தொழிற்சாலை 1965இல் விஜயந்தா டாங்கியை வெளிக்கொணர்ந்தது. அம்பத்தூரில் மிதிவண்டித் தொழிலும், 1964இல் தொழிற்பேட்டையும் அமைந்தன. 1957இல் கூடிய பதினைந்தாவது இந்தியத் தொழிலாளர் மாநாடு, ஆலைகளில் புதிய பொறிகளைப் புகுத்துவதற்கு மூன்று நெறிகளை வகுத்தது. வேலையில் இருப்பவர் எவரும் வேலையையோ வருவாயையோ இழத்தல் கூடாது. கிடைக்கும் பயன் சமுதாயத்துக்கும் முதலாளிக்கும் தொழிலாளிக்கும் நேர்மையாகப் பங்கிடப்பட வேண்டும். வேலைப்பளுவை வல்லுநர் அளந்து முடிவு செய்ய வேண்டும். அவை சட்டங்கள் அல்ல. மூன்று தரப்பாரும் ஒப்பிய நெறிகள். எனினும், களத்து மேட்டில் ஊரறிய இருந்த பங்கீட்டைப் போல, ஆலையிலும் பங்கு வெளிப்படையாகப் பேசப்பட வேண்டும் என்ற எண்ணம் அவற்றில் உருப்பெற்றது.

இன்று கும்மிடிப்பூண்டிக்குச் செல்வோர் என்ன காண்கின்றனர்? 1971இல் அமைந்த சிப்காட் நிறுவனத்தின் தொழில் வளாகம் அங்கே உள்ளது. இரும்பு உருக்கும் உலைகளும், கம்பி உருட்டும் ஆலைகளும், வார்ப்படச் சாலைகளும் இயங்குகின்றன. பீகார், ஒடிசா முதலிய மாநிலங்களிலிருந்து வந்த இளைஞர் பலர் அங்கு உழைக்கின்றனர். ஒரே கூரையின் கீழ் நிரந்தரத் தொழிலாளி ஒருவனும், ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவன் ஒருவனும் ஒரே வேலையைச் செய்து வேறு வேறு கூலி பெறுவது நம் நாட்டுத் தொழில் நகரங்களில் அரிய காட்சியன்று. இந்தியத் தொழிற்சாலைகளில் ஒப்பந்தத் தொழிலாளர், இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐந்தில் ஒரு பங்கினராக இருந்தனர். அண்மைக் கணக்குகளில் ஏறத்தாழ ஐந்தில் இரு பங்கினர் ஆகிவிட்டனர். தொழிற்சாலைகள் கூட்டிய நிகர மதிப்பில் தொழிலாளர் கூலியின் பங்கு 1980களின் தொடக்கத்தில் ஏறத்தாழ 30 விழுக்காடு; 2007–08 அளவில் அது ஏறத்தாழ 10 விழுக்காடாக வீழ்ந்தது. பின்னர் சிறிது உயர்ந்தபோதிலும் பழைய நிலையை எட்டவில்லை.

விலையுயர்ந்த பொறிகளுக்கு முதலீடு வேண்டும், அம்முதலுக்கு ஊதியம் வேண்டும் என்று தொழில் நடத்துவோர் கூறுவர். அக்கூற்றில் உண்மை உண்டு. பொறி பெருகும் காலத்தில் முதலின் பங்கு ஓரளவு உயர்தல் இயல்பே. ஆயினும் அதனால் மட்டும் இத்துணை வீழ்ச்சி நேர்ந்தது என்று கொள்ள இயலாது. ஒப்பந்த முறையால் தொழிலாளர் சிதறினர். மொழியாலும் ஊராலும் பிரிந்தனர். கூடிப் பேசும் வலிமை குறைந்தது. 1921இல் பெரம்பூரில் கண்ட பிரிவினை வேறு உருவத்தில் மீண்டும் தோன்றியுள்ளது என்று சொன்னால் மிகையாகாது.

பொறியியல் பயிலும் மாணவர்கள் நாளை இவ்வாலைகளில் பொறிகளை அமைக்கப் போகிறவர்கள். ஒரு புதிய பொறியைத் திட்டமிடும்போது, அது மணிக்கு எத்தனை வார்ப்புகள் தரும், எவ்வளவு மின்சாரம் கொள்ளும் என்று கணக்கிடுவார்கள். அக்கணக்கோடு இன்னும் சில வரிகளையும் சேர்த்து எழுதுதல் நன்று. இதனால் யாருடைய வேலை நீங்குகிறது? அவனுக்கு வேறு வேலையும் பயிற்சியும் உண்டா? உலையருகில் நிற்பவனின் வெம்மையும் இடரும் குறைகின்றனவா? மிச்சப்படும் நேரத்தில் அவனுக்கு உரிய பகுதி எவ்வளவு? 1957இல் வகுத்த நெறிகள் கேட்டவையும் இவையே. பொறி தானாக இவற்றுக்கு விடை கூறாது. பழவேற்காட்டு நெசவாளனுக்கு அவ்விடையைக் கேட்க வாய்ப்பே இல்லாமற் போயிற்று. பெரம்பூர்த் தொழிலாளி அதைக் கேட்கும் உரிமையைப் போராடிப் பெற்றான். கும்மிடிப்பூண்டியில் இன்று இரும்பு உருக்கும் இளைஞன், எம்மொழி பேசுபவனாயினும், அவ்வுரிமைக்கு உரியவனே. குவியலை அளக்கும் வேளையில் அவனும் களத்தில் நிற்க வேண்டும்.