மழையின் மேல் விழுந்த பழி

கொடும்பாளூர் மூவர் கோயிலில் கல்லைக் கல்லின் எடையே பிடித்து வைத்திருக்கிறது. இருக்குவேள் பூதி விக்கிரமகேசரி கட்டிய மூன்றில் இரண்டு இன்றும் நிற்கின்றன. மூன்றாவதற்கு அடித்தளம்தான் மிச்சம். பறக்க வேண்டிய பொருளுக்கு இந்த வித்தை ஆகாது. அங்கே எடைதான் பகை. மர விமானத்தின் உடலைப் பிடித்து வைப்பது பெரும்பாலும் பசை.

ஆரம்பகால விமானங்களுக்கு மரச்சட்டம், இழுகம்பி, மேலே துணி. 1912-ல் பிரான்சின் தெபெர்துஸ்ஸான் நிறுவனத்துக்காக லூயி பெஷெரோ வரைந்த பந்தய விமானம் அந்தச் சட்டக்கூட்டை உதறியது. மெல்லிய மரத்தோல்களை ஓர் அச்சின் மேல், ரேகை ஒன்றுக்கொன்று குறுக்காக வரும்படி, அடுக்கடுக்காக ஒட்டினார்கள். காய்ந்தபின் அச்சை எடுத்தால் உள்ளே வெற்றிடம். ஓடே பாரம் தாங்கியது. மறு ஆண்டே அந்த வகை மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டியது.

தச்சர்களுக்குத் தெரிந்த சிக்கல் ஒன்று இதில் உண்டு. பிளைவுட் ஒரு திசையில் மட்டுமே ஒழுங்காக வளையும். பாயைச் சுருட்டலாம், பாயால் பூசணிக்காயைச் சுருக்கமில்லாமல் போர்த்த முடியுமா? அதனால் இரு திசையிலும் வளையும் இடங்களில் மரத்தோலைக் குறுகிய பட்டைகளாக அறுத்து ஒட்ட வேண்டும். பட்டை கூடக்கூட இணைப்பும் கூடும், பசையின் பொறுப்பும் கூடும்.

இந்த மர ஓடு போருக்குப் போனது டி ஹாவிலண்ட் நிறுவனத்தின் மாஸ்கிட்டோ விமானமாக. முதலில் பறந்தது 1940 நவம்பர் 25. பிர்ச் பிளைவுட் இரண்டு, நடுவில் பால்சா. உடலை நீளவாக்கில் இரண்டு பாதிகளாகச் செய்து, குழாய்களையும் கம்பிகளையும் உள்ளே பொருத்தி, பிறகு சேர்த்து ஒட்டினார்கள். நாற்காலி, மேசை செய்துகொண்டிருந்த பட்டறைகளுக்கும் இதில் வேலை கிடைத்தது. மொத்தம் 7,781 விமானங்கள்.

1944-ல் அது பெங்களூரை அடுத்த எலகங்காவுக்கு வந்தது. பிரிட்டிஷ் விமானப்படையின் 45-ஆம் ஸ்க்வாட்ரன் அங்கே அதில் பழகியது. அந்த ஆண்டு கிழக்குப் போர்முனையில் சில மாஸ்கிட்டோக்கள் விழுந்தன. இறக்கையின் மேல்தோல் உத்திரத்தை விட்டுப் பிரிந்ததாகச் சந்தேகம். பாலிலிருந்து எடுக்கும் கேசின் பசை நம் வெயிலில் வெடித்தது என்றார்கள். விசாரிக்க வந்த ஹியர்வர்ட் டி ஹாவிலண்டின் குழு, பசை கெடவில்லை, பருவமழைக் காலத்தில் மரம் சுருங்கியது என்று எழுதியது. விசாரித்தவர் விமானம் செய்த குடும்பத்துக்காரர் என்பதையும் வாசகர் மனதில் வைக்கலாம். பிறகு இங்கிலாந்திலேயே ஆராய்ந்தபோது, மழைக்காலத்தையே பார்க்காத விமானங்களிலும் அதே குறை. ஒட்டு வேலை சரியில்லை என்பது முடிவு. பழி பட்டறையுடையது, சுமந்தது மட்டும் நம் மழை.

மரம் அதன் பிறகும் இந்தியாவை விட்டுப் போகவில்லை. எஸ். ராமாமிர்தம் சிவில் விமானத் துறைக்காக வடிவமைத்த அஸ்வினி, ரோகிணி கிளைடர்கள் மரத்தாலானவை; 1958-லும் 1961-லும் பறந்தன.

இத்தாலியின் ஸ்டெலியோ ஃபிராட்டி வடிவமைத்து 1955-ல் பறந்த ஃபால்கோ என்ற மர விமானம், பின்னாளில் வரைபடமாகவும் உதிரிப் பொருள்களாகவும் வீட்டுக் கொட்டகைகளுக்குப் போனது. அப்படி வீட்டிலேயே கட்டுகிறவர்கள் பலகையின் நுனியைத் தடிமனைப் போலப் பத்துப் பன்னிரண்டு மடங்கு நீளத்துக்குச் சரிவாகச் சீவித்தான் அடுத்த பலகையோடு சேர்க்கிறார்கள். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் துண்டு மரம் இரண்டை அதே பசையால் ஒட்டி வைத்து, காய்ந்ததும் உடைத்துப் பார்க்கிறார்கள். மரம் கிழிந்தால் வேலை தொடரும். பசைக்கோட்டில் பிரிந்தால், அன்று ஒட்டியதை நம்பிப் பறக்க முடியாது.