சுட்டியும் இடக்கையும்
கணினித் திரையிலே இடங்காட்டும் 'சுட்டி' எனுங் கருவி, 1964ஆம் ஆண்டில் ஒரு சிறு மரப்பெட்டியாகப் பிறந்தது. கலிபோர்னியாவிலே டக்ளஸ் எங்கல்பார்ட் எண்ணியதைப் பில் இங்கிலிஷ் எனும் பொறியியலாளர் செய்து முடித்தார். 1968 டிசெம்பர் 9ஆந் திகதி சான் பிரான்சிஸ்கோவில் எங்கல்பார்ட் அதனை அவையோர்க்குக் காட்டினார். அன்று அவருடைய வலக்கையிலே சுட்டி. இடக்கையின் கீழோ ஐந்து விசைகள் கொண்ட சிறு பலகை. ஒரு கை இடஞ்சுட்ட, மறுகை ஏவலிட வேண்டும் என்பதே அவர் கருத்து. பயில்வதற்கு அரிதென ஐவிசைப் பலகையை உலகம் ஒதுக்கிவிட்டுச் சுட்டியை மட்டும் ஏற்றது. பின்னர் மடிக்கணினியிலே தொடுபலகை அமைந்தபோது, சுட்டியின் வேலையும் விரல்நுனிக்குள் அடங்கிற்று. எனினும், கட்டுப்பாட்டு விசையோடு 'சி', 'வி' விசைகளை இடக்கையால் அழுத்திப் படியெடுத்து ஒட்டுவோர், அன்று ஒதுக்கப்பட்ட அப்பாடத்தையே அறியாது பயில்கின்றனர். சுட்டிக்கென உரிமைப்பங்கு எதுவும் பெறாமலே எங்கல்பார்ட் 2013இல் மறைந்தார். அவர் கருத்தோ இரு கைகளிலும் வாழ்கின்றது.